தொலைதூரத் தீவில் ஒரு படையை நிறுத்துவது: முதலில் எண்ண வேண்டியது தலைகளை

கேள்வி இதுதான்: நடுக்கடலில் தனியாகக் கிடக்கும் ஒரு தீவில் திடீரென்று ஒரு படைக்குழுவை நிறுத்த வேண்டி வந்தால், ஆட்களை எப்படித் திட்டமிடுகிறார்கள்? சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் எல்லாம் எப்படிப் போய்ச் சேருகின்றன? எல்லாவற்றையும் விமானத்திலேயே கொண்டுபோய்விட முடியாதா?

கடைசிக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லலாம்: முடியாது. ஏன் என்பதைக் கணக்கோடு கீழே சொல்கிறேன். முதல் இரண்டும் பார்வைக்கு இரண்டு கேள்விகள், உண்மையில் ஒன்றுதான். நிலப்பகுதியில் இருக்கும் முகாமில் கூடுதலாக ஐம்பது பேர் வந்து இறங்கினால் பக்கத்து ஊரில் வாடகைக்கு இடம் பிடிக்கலாம், சந்தையில் காய்கறி வாங்கலாம், தண்ணீர் லாரி வரவழைக்கலாம். தீவில் அந்தப் பக்கத்து ஊர் கிடையாது. விமானப் படியிறங்கி வரும் ஒவ்வொருவரும் ஒரு படுக்கையையும், ஒரு நாளுக்கான தண்ணீரையும், மூன்று வேளைச் சாப்பாட்டையும், கழிப்பறை வரிசையில் ஓர் இடத்தையும் ஏற்கெனவே அங்கே இருப்பவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறார். அதனால் "எத்தனை பேர்" என்ற ஒற்றை முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் இழுத்துச் செல்கிறது. சரக்கு, கப்பல், விமானம் எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. கப்பல் சரக்குத் தொழிலில் இருப்பவன் என்பதால் நானே சரக்கைத்தான் முதலில் சொல்லத் தோன்றும் ஆள். ஆனாலும் தீவு என்று வந்தால் தலைக்கணக்குதான் முதல்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வெப்ப மண்டலத் தீவில் ஆயிரம் பேர். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு என்று இறுக்கிப் பிடித்தாலும் ஆளுக்கு 60 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 60 டன் தண்ணீர். சாப்பாடோ, டப்பா அட்டைப்பெட்டி எடையோடு சேர்த்தே ஆளுக்கு 2 கிலோவுக்குள் முடிந்துவிடும். ஆயிரம் பேருக்கு 2 டன். அதாவது தண்ணீரின் எடை சாப்பாட்டைப் போல முப்பது மடங்கு. ஒரு ஹெர்குலிஸ் சரக்கு விமானம் நெடுந்தூரம் பறக்கும்போது 15 டன் சுமந்தால் பெரிது. தண்ணீர் கொண்டுபோக மட்டும் தினமும் நான்கு ஹெர்குலிஸ் வேண்டும். அந்த நான்கும் திரும்பிப் போவதற்கான எரிபொருளைத் தீவின் இருப்பிலிருந்துதான் எடுக்கும். அந்த எரிபொருளையும் யாராவது கொண்டுவந்திருக்க வேண்டும். இதனால்தான் எந்தத் தீவுத் தளத்திலும் தண்ணீரை அங்கேயே உண்டாக்கியாக வேண்டும், எரிபொருளைக் கப்பலில்தான் கொண்டுவர வேண்டும். விமானத்துக்கு மிஞ்சுவது ஆட்கள், தபால், மருந்து, அவசர உதிரிப் பாகங்கள். அவ்வளவுதான்.

இதற்கு நன்றாகப் பதிவான உதாரணம், 1982-இல் பிரிட்டன் தென் அட்லாண்டிக்கில் தன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளுக்காக நடத்திய போரில், அதே கடலில் இருக்கும் அசென்ஷன் தீவு. அந்த ஆண்டு ஏப்ரல் 2-ஆம் தேதி அர்ஜென்டினா ஃபாக்லாந்தில் இறங்கியது. ஏப்ரல் 5-ஆம் தேதியே பிரிட்டனின் படைக்கப்பல்கள் போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்டுவிட்டன. போக வேண்டிய தூரம் ஏறத்தாழ 12,800 கிலோமீட்டர். வழியில் பிரிட்டனுக்குச் சொந்தமான, விமானம் இறங்கக்கூடிய ஒரே இடம் அசென்ஷன். பாதித் தூரத்தில் இருக்கிறது. 88 சதுர கிலோமீட்டர் எரிமலைக் கல். அப்போது அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். எல்லோரும் தகவல் தொடர்பு நிலையம், பிபிசி ஒலிபரப்பு நிலையம், அமெரிக்க விமானத் தளம் என்று ஏதோ ஒரு வேலைக்காக வந்தவர்கள்.

விமானத் தளத்தின் நிலைமையையும் சொல்ல வேண்டும். வைட்அவேக் என்ற அந்த ஓடுபாதையை 1942-இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் கட்டினார்கள். மண் பிரிட்டனுடையது, தளத்தை நடத்துவது அமெரிக்க விமானப்படை, அன்றாட வேலையைப் பார்த்தது ஒப்பந்தத்துக்கு எடுத்திருந்த பான் ஆம் நிறுவனத்தின் ஊழியர்கள். ஓடுபாதை பத்தாயிரம் அடி, எந்தப் பெரிய விமானமும் இறங்கலாம். ஆனால் இறங்கிய விமானத்தை நிறுத்த இடம் குறைவு. ஒரே ஓடுபாதை. வாரத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவு விமானங்கள் வந்த இடத்தில், சில நாட்களிலேயே ஹெலிகாப்டர்களையும் சேர்த்து நூற்றுக்கணக்கான ஏற்ற இறக்கங்கள் நடந்தன. உலகின் மிகப் பரபரப்பான விமான நிலையங்களில் ஒன்றாக அது ஆனது.

அங்கே பிரிட்டிஷ் ஆதரவுப் பிரிவின் பொறுப்பு கடற்படையைச் சேர்ந்த கேப்டன் ராபர்ட் மெக்குவீனிடம் கொடுக்கப்பட்டது. அவர் செய்த வேலைகளில் மிக முக்கியமானதாக நான் நினைப்பது ஒன்றை: ஆட்களின் எண்ணிக்கைக்கு ஒரு உச்சவரம்பு வைத்து, அதைத் தாண்ட யாரையும் அனுமதிக்கவில்லை. ஒருவர் உள்ளே வர வேண்டுமானால் ஒருவர் வெளியே போக வேண்டும். அனுமதி இல்லாமல் வந்து இறங்கியவர்கள் திரும்பும் விமானத்தில் ஏற்றப்பட்டார்கள். கேட்பதற்குக் கடுமையாக இருக்கலாம். ஆனால் போர் என்று வந்துவிட்டால் ஒவ்வொரு பிரிவும் "எங்கள் ஆள் ஒருவர் அங்கே இருந்தால் நல்லது" என்று ஒருவரை அனுப்பும். அவருக்கு ஒரு உதவியாளர், உதவியாளருக்கு ஒரு வண்டி, வண்டிக்கு ஒரு ஓட்டுநர். யாரும் தவறான எண்ணத்தோடு செய்வதில்லை. எல்லோரும் நல்ல எண்ணத்தோடு அனுப்பி, தீவு மூச்சுத் திணறும். தண்ணீரும் படுக்கையும் இவ்வளவுதான் என்று தெரிந்த ஒருவர் வாசலில் நின்று "இல்லை" என்று சொல்லாவிட்டால் அந்தத் தளம் போர் தொடங்கும் முன்பே படுத்துவிடும். அவருக்கு அந்த அதிகாரத்தை எழுத்தில் கொடுத்து, மேலிருந்து யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வதுதான் தலைமையகம் செய்யக்கூடிய பெரிய உதவி.

படுக்கைக்கு என்ன செய்தார்கள் என்றால், அமெரிக்க விமானப்படை மடித்துக் கொண்டுவந்து விரிக்கக்கூடிய தங்கும் கூடங்களை விமானத்தில் கொண்டுவந்து கொடுத்தது. வரிசையாக விரித்து வைத்த அந்தக் குடியிருப்புக்குச் சிப்பாய்கள், துருத்திபோல் மடிந்து விரியும் இசைக்கருவியின் பெயரால், "கான்சர்டினா சிட்டி" என்று பெயர் வைத்தார்கள். மற்றவர்கள் கூடாரம், காலியாக இருந்த வீடு, எது கிடைத்ததோ அதில் தங்கினார்கள்.

தண்ணீர் அந்தத் தீவின் பழைய பிரச்சினை. 1701-இல் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியரின் ரோபக் கப்பல் அங்கே மூழ்கியபோது, மலைச்சரிவில் ஒரு சிறு ஊற்றைக் கண்டுபிடித்ததால்தான் மாலுமிகள் பிழைத்தார்கள். நெப்போலியனைப் பக்கத்துச் செயின்ட் ஹெலினாவில் சிறைவைத்தபோது, 1815-இல் பிரிட்டன் இங்கே ஒரு காவல்படையை நிறுத்தியது. அவர்களுக்கும் தண்ணீர் போதவில்லை. பின்னால் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் யோசனைப்படி, பனிமூட்டத்தைப் பிடித்து ஈரத்தைத் தக்கவைக்க மலையுச்சியில் மரங்களை நட்டுக் காடு வளர்த்தார்கள். 859 மீட்டர் உயரமுள்ள கிரீன் மவுண்டன் இன்று பச்சையாக இருப்பதற்குக் காரணம் ஒரு படைப்பிரிவின் தாகம். ஆனால் காடு வளரும்வரை போர் காத்திருக்காதே. 1982-இல் இருந்த குடிநீர் ஆலைகளின் கொள்ளளவுதான் உச்சவரம்பைத் தீர்மானித்த பெரிய காரணங்களில் ஒன்று.

தண்ணீர் விஷயத்தில் இன்னொரு பாடம் குவாண்டனாமோவில் கிடைக்கிறது. கியூபத் தீவின் மூலையில் இருக்கும் அந்த அமெரிக்கக் கடற்படைத் தளம், பல ஆண்டுகள் வேலிக்கு வெளியே கியூப ஆற்றிலிருந்து குழாயில் வந்த தண்ணீரைத்தான் நம்பியிருந்தது. 1964 பிப்ரவரியில் காஸ்ட்ரோ அரசு குழாயை மூடியது. தளம் தண்ணீரைத் திருடுகிறது என்று கியூபா குற்றம் சாட்டியபோது, தளபதி பல்க்லி செய்தியாளர்களை வரவழைத்து, குழாயை அறுத்து ஒரு துண்டை வெளியே எடுத்து, உள்ளே தண்ணீர் வரவில்லை என்று காட்டினார். அந்த நேரத்தில் ஜமைக்காவிலிருந்து கப்பலில் தண்ணீர் கொண்டுவந்துதான் சமாளித்தார்கள். பிறகு கலிஃபோர்னியாவில் இயங்கிக்கொண்டிருந்த கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோய் அங்கே பொருத்தினார்கள். தண்ணீர் அடுத்தவர் கையில் இருக்கும் வரை தளமும் அவர் கையில்தான். சுத்திகரிப்பு ஆலை வந்தபிறகும் கவலை தீர்வதில்லை: ஆலைக்கு மின்சாரம், மின்சாரத்துக்கு டீசல், டீசலுக்குக் கப்பல். எனவே தண்ணீர்க் கணக்கின் மறுபெயர் எரிபொருள் கணக்கு.

இனி ஆட்களை எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம். பலர் நினைப்பதுபோல ஒரு படைக்குழு என்பது ஏற்கெனவே கூடி நிற்கும் ஒரு ரெஜிமெண்ட் அல்ல. குறிப்பிட்ட ஒரு வேலைக்காக அமைக்கப்படுவது. அதனால் முதலில் ஒரு பணியிடப் பட்டியல் எழுதுவார்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு நாற்காலி: என்ன வேலை, என்ன தரம், என்ன பயிற்சி, எத்தனை மாதம், எந்தப் படை கொடுக்க வேண்டும். பிறகு தரைப்படை, கடற்படை, விமானப்படை ஒவ்வொன்றும் தன் பங்கு வரிகளை நிரப்பும். முழுப் பிரிவாக வருபவர்கள் உண்டு. ஒவ்வொருவராகப் பிடுங்கி அனுப்பப்படுபவர்களும் உண்டு. இரண்டாவது வகையில்தான் சிக்கல் அதிகம். ஒருவரைக் கொடுக்கச் சொன்னால் எந்தப் பிரிவும் தன் மிகச் சிறந்த ஆளைக் கொடுக்க விரும்பாது. எரிபொருள் கிடங்கு நடத்தத் தெரிந்தவர் கேட்டால் கிடங்குக் கணக்கு மட்டும் எழுதத் தெரிந்தவர் வருவார். வீட்டுத் தளத்தில் இது சின்ன விஷயம், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். தீவில் அவர் ஒரு படுக்கையைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் இருப்பார்.

பட்டியலில் எண்ணிக்கை போடும்போது பலரும் தவறவிடும் கணக்கு ஷிப்ட். விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரம், மின்நிலையம், தீயணைப்பு வண்டி, தகவல் தொடர்பு, மருத்துவ அறை, காவல் ஆகியவை இரவு பகல் ஓட வேண்டியவை. வாரத்துக்கு 168 மணி நேரம். ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் என்று கடுமையாக வேலை வாங்கினாலும் 72 மணி நேரம்தான். ஒரு நாற்காலிக்கு இரண்டேகால் ஆளுக்கு மேல் வேண்டும். காய்ச்சல், காயம் என்று பார்த்தால் மூன்று. ஊரில் இருப்பதுபோல் வாராந்திர ஓய்வும் விடுப்பும் கொடுத்தால் ஐந்து. "கோபுரத்தில் நான்கு பேர் போதும்" என்று யாராவது சொன்னால், உண்மையில் அவர் பன்னிரண்டு படுக்கை கேட்கிறார்.

அடுத்தது, ஆதரவுக்கு வரும் ஆட்களுக்கும் ஆதரவு வேண்டும் என்ற கணக்கு. நூறு விமானப்படையினருக்குச் சமையல், துப்புரவு, தண்ணீர், வாகனம், மருத்துவம் எல்லாம் பார்க்க ஐம்பது பேர் என்று வையுங்கள். அந்த ஐம்பது பேரும் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். அவர்களுக்கு இருபத்தைந்து பேர். அவர்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். கூட்டிக்கொண்டே போனால் நூறு பேருக்காகத் தொடங்கியது இருநூறில் நிற்கிறது. ஆக, முன்வரிசையில் ஒரே ஒரு ஆளைக் குறைத்தால் தீவில் இரண்டு படுக்கை மிஞ்சும். வாசலில் நின்று "இல்லை" என்று சொல்பவரின் ஒவ்வொரு "இல்லை"யும் இரட்டிப்பாக வேலை செய்வது இப்படித்தான்.

மாற்று ஆட்கள் வரும் நேரத்தையும் பட்டியலிலேயே பிரித்துப் போட வேண்டும். எல்லோரும் ஒரே வாரத்தில் வந்து ஒரே வாரத்தில் போனால், ஜெனரேட்டரின் எந்த வால்வு ஒட்டிக்கொள்ளும், கரையிறங்கு மேடையில் எந்த மாதம் அலை மோசம் என்று தெரிந்த அத்தனை பேரும் ஒரே விமானத்தில் போய்விடுவார்கள். வருபவரும் போகிறவரும் ஒரு வாரமாவது சேர்ந்து இருக்க வேண்டும். அந்த ஒரு வாரத்துக்குக் கூடுதல் படுக்கைகளை உச்சவரம்புக்குள்ளேயே ஒதுக்கி வைக்க வேண்டும். இதைச் செய்யாத தளம் ஒவ்வொரு ஆறு மாதமும் புதிதாகப் பாடம் படிக்கும்.

நிரந்தரத் தளமாக ஆனபிறகு சீருடைக்காரர்களின் எண்ணிக்கை குறைந்து ஒப்பந்தத் தொழிலாளர்களின் எண்ணிக்கை கூடும். அசென்ஷனில் இன்றும் யாருக்கும் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை கிடையாது. வேலை ஒப்பந்தம் இருக்கும்வரை நீங்களும் உங்கள் குடும்பமும் இருக்கலாம். ஒப்பந்தம் முடிந்தால் புறப்பட வேண்டும். தீவை ஓட்டும் தொழிலாளர்களில் பெரும்பாலோர் செயின்ட் ஹெலினாக்காரர்கள். இந்தியப் பெருங்கடலின் டியாகோ கார்சியாவில் பிலிப்பைன்ஸ், மொரிஷியஸ் நாட்டவர்கள் அந்த வேலையைச் செய்கிறார்கள். அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த சாகோஸ் மக்கள் 1968 முதல் 1973 வரை வெளியேற்றப்பட்டார்கள்; அதன் பிறகு சமைக்க, பழுதுபார்க்க, துவைக்க ஆட்களைக் கடல் கடந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. ஊரை அப்புறப்படுத்திவிட்டுத் தளம் கட்டிய அந்த முடிவை நான் அநியாயம் என்றே சொல்வேன். இதே தீவில்தான் 2021-இல் கடலில் தத்தளித்து மீட்கப்பட்ட இலங்கைத் தமிழர்கள் மூன்று ஆண்டுகள் கூடாரங்களில் அடைத்து வைக்கப்பட்டார்கள். படைக்காக மட்டும் கணக்குப் போட்டுக் கட்டிய இடத்தில் குழந்தைகளோடு குடும்பங்கள் வந்து சேர்ந்தால், பள்ளியோ உரிய மருத்துவமோ பட்டியலின் எந்த வரியிலும் இருக்காது.

சரக்கு பற்றி. இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. எவ்வளவு அனுப்பினோம் என்பதைவிட எந்த வரிசையில் அடுக்கினோம் என்பது முக்கியம். வணிகக் கப்பலில் இடத்தை வீணாக்காமல் அடுக்குவதுதான் லாபம்: கனமானது கீழே, இலேசானது மேலே, இடுக்கில் எது பொருந்துமோ அது. போருக்குப் போகும் கப்பலில் முதலில் தேவைப்படுவது மேலே இருக்க வேண்டும், ஒரு பிரிவின் துப்பாக்கியும் குண்டும் ரேடியோவும் ஒரே கப்பலில் இருக்க வேண்டும், இடம் வீணானாலும் பரவாயில்லை. 1982 ஏப்ரலில் பிரிட்டிஷ் துறைமுகங்களில் இதற்கெல்லாம் நேரமில்லை. லாரி வந்த வரிசையிலேயே கப்பலில் ஏற்றினார்கள். உல்லாசப் பயணக் கப்பலான கான்பெராவில் சில நாட்களில் ஹெலிகாப்டர் இறங்கும் தளம் பொருத்தி, ஏப்ரல் 9-ஆம் தேதி படைவீரர்களோடு அனுப்பினார்கள். மொத்தம் நாற்பதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் இப்படி எடுத்துக்கொள்ளப்பட்டன.

அதன் விலையை அசென்ஷனில் கொடுத்தார்கள். ஏப்ரல் 20-ஆம் தேதி வந்த கான்பெரா மே 6-ஆம் தேதிதான் கிளம்பியது. அந்த இடைவெளியில் வீரர்கள் கரையில் துப்பாக்கி பழகினார்கள், நடைப்பயிற்சி செய்தார்கள். சரக்குக்காரர்களுக்கு ஒரே வேலை: எல்லாவற்றையும் மறுபடி அடுக்குவது. அசென்ஷனில் கப்பல் அணையக்கூடிய துறைமுகம் கிடையாது. ஜார்ஜ்டவுனில் ஒரு சிறு இறங்குமேடை. அதிலும் திடீரென்று எழும் பேரலைகள் நாள் கணக்கில் வேலையை நிறுத்திவிடும். ஆகவே கப்பல் நங்கூரமிட்டு நிற்க, வலையில் கட்டிய பொதியை ஹெலிகாப்டர் கீழே தொங்கவிட்டு ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். கனமானவை தரையிறங்கு படகுகளிலும் மிதவைகளிலும் போகும். கப்பலின் அடியில் கிடக்கும் ஒரு பெட்டிக்காக மேலே இருக்கும் நூறு பெட்டிகளைத் தளத்துக்கு ஏற்ற வேண்டும், எண்ணைச் சரிபார்க்க வேண்டும், திரும்ப இறக்க வேண்டும். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு மழையில் கிழிந்திருந்தால் திறந்துதான் பார்க்க வேண்டும். நங்கூரமிட்ட கப்பல்களுக்கு நடுவே இதைச் செய்பவர்களின் உழைப்பைப் போர் வரலாற்றில் அரைப்பக்கத்தில் கடந்துவிடுவார்கள். மே 21-ஆம் தேதி ஃபாக்லாந்தின் சான் கார்லோஸில் படை கரையேறியது அந்த உழைப்பின் மீதுதான்.

இதே கதை நாற்பது ஆண்டுகளுக்கு முன் பசிபிக்கில் நடந்தது. 1942 ஜூலையில் குவாடல்கனால் தீவுக்குப் போக வேண்டிய அமெரிக்க மரைன்கள் (கடல்வழி இறங்கிப் போரிடும் படையினர்) நியூசிலாந்தின் வெலிங்டன் துறைமுகத்தில் கப்பல்களை இறக்கி மறுபடி ஏற்றினார்கள். விடாத மழை. அட்டைப்பெட்டிகள் ஊறிப் பிரிந்து, காலை உணவுக்கான தானியம் துறைமுகமேடை முழுவதும் கூழாகக் கிடந்தது. தீவில் இறங்கிய இரண்டு நாட்களிலேயே எதிரியின் தாக்குதலால் சரக்குக் கப்பல்கள் பாதி இறக்காமல் விலக வேண்டியதாயிற்று. வீரர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடுதான். அதிலும் ஒரு பகுதி ஜப்பானியர் விட்டுச்சென்ற அரிசி.

ஜப்பானியர்களின் நிலைமை பிறகு அதைவிடக் கொடுமையாக ஆனது. பகலில் சரக்குக் கப்பல் நெருங்க முடியாததால், இரவில் வேகமான போர்க்கப்பல்களில் உணவை டிரம்களில் அடைத்துக் கொண்டுவந்து, கரைக்கு அருகே கடலில் உருட்டிவிட்டார்கள். 1942 டிசம்பர் தொடக்கத்தில் ஒரு இரவு 1,500 டிரம்கள் வந்தன. கரையில் இருந்தவர்களால் இழுத்துச் சேர்க்க முடிந்தது 310. இழுக்கத் தெம்பில்லாத அளவுக்கு அவர்கள் பட்டினியில் இருந்தார்கள். அந்தத் தீவுக்கு ஜப்பானியப் படை வைத்த பெயரே பட்டினித் தீவு. ஆட்களைத் தொடர்ந்து இறக்கிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடும் கப்பல் எங்கே என்ற கேள்வியைப் பின்னால் தள்ளினார்கள். நோயும் பசியும் கொன்றவர்கள், சண்டையில் இறந்தவர்களைவிட அதிகம்.

எரிபொருளுக்கு வருகிறேன். அசென்ஷனுக்கு வந்த டேங்கர் கப்பல் கரைக்கு வர முடியாது. கடலில் நின்றபடி மிதக்கும் குழாய் வழியாகக் கரையில் இருக்கும் தொட்டிகளுக்கு ஏற்ற வேண்டும். தொட்டிகளிலிருந்து விமானத் தளத்துக்கு முதலில் லாரியில் கொண்டுபோனார்கள். அது போதாமல் ராணுவப் பொறியாளர்கள் தற்காலிகக் குழாய்வழி அமைத்தார்கள். ஏன் போதவில்லை என்பதற்கு ஒரே ஒரு பறப்பைச் சொல்கிறேன். ஏப்ரல் 30 இரவு ஃபாக்லாந்தின் ஸ்டான்லி ஓடுபாதையைத் தாக்க ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானத்தை அனுப்புவதற்கு, அதற்கும் ஒன்றுக்கொன்றும் நடுவானில் எரிபொருள் கொடுக்க 11 விக்டர் டேங்கர் விமானங்கள் எழும்பின. வல்கன் போய்த் திரும்ப ஏறத்தாழ பதினாறு மணி நேரம். அது வீசிய 21 குண்டுகளில் ஓடுபாதையில் விழுந்தது ஒன்று. அந்த இரவின் எரிபொருள் முழுவதும் அந்த மிதக்கும் குழாய் வழியாக வந்ததுதான். அமெரிக்கா தன் இருப்பிலிருந்து ஒரு கோடியே 25 லட்சம் கேலன் விமான எரிபொருளைத் திருப்பிவிட்டிருக்காவிட்டால் இதெல்லாம் காகிதத்தோடு நின்றிருக்கும்.

விருந்தாளிப் படைக்கும் வீட்டுக்காரப் படைக்கும் இடையிலான உறவும் இங்கேதான் தெரியவரும். எரிபொருள், ஓடுபாதை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் தளத்தை நடத்துபவர் கையில். புதிதாக வந்த படைக்குழு அவசரத்தில் இருக்கும், ஆனால் எதுவும் அதன் சொந்தம் இல்லை. யார் எதற்குப் பணம் கட்டுவது, ஓடுபாதையில் யாருக்கு முன்னுரிமை, சமையலறையில் யார் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்று முதல் வாரமே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். வாய்வார்த்தையில் ஓடும் ஏற்பாடு முதல் மாற்று விமானத்தோடு போய்விடும், ஏனென்றால் பேசிய இருவரில் ஒருவர் அதில் போயிருப்பார்.

எல்லாவற்றையும் சரியாக அடுக்கினாலும் ஒரே கப்பலில் அடுக்கினால் என்ன ஆகும் என்பதையும் அந்தப் போர் காட்டியது. மே 25-ஆம் தேதி அட்லாண்டிக் கன்வேயர் என்ற கன்டெய்னர் கப்பலை எக்ஸோசெட் ஏவுகணை தாக்கியது. கேப்டன் இயன் நார்த் உட்பட 12 பேர் இறந்தார்கள். கப்பலோடு மூன்று சினூக், ஆறு வெசெக்ஸ் ஹெலிகாப்டர்களும் ஆயிரக்கணக்கானோருக்கான கூடாரங்களும் போயின. அந்த நேரத்தில் வானில் இருந்த ஒரே ஒரு சினூக் மட்டும் தப்பியது. ஹெலிகாப்டரில் போக வேண்டிய வீரர்களில் பலர் முதுகில் சுமையோடு குளிர்காலச் சேற்றில் கிழக்கு ஃபாக்லாந்தைக் குறுக்காக நடந்து கடந்தார்கள். இதற்கு மாற்று, ஒரே வகைப் பொருளை இரண்டு மூன்று கப்பல்களில் பிரிப்பது. அமெரிக்கர்கள் டியாகோ கார்சியாவில் இன்னொரு வழியைக் கையாண்டார்கள்: சுமார் 16,000 மரைன்களுக்கு 30 நாளுக்கு வேண்டிய தளவாடங்களைக் கப்பல்களில் ஏற்றி, அங்கேயே நிரந்தரமாக நிறுத்தி வைத்தார்கள். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது அந்தக் கப்பல்கள் மாத நடுவிலேயே சவூதியின் ஜுபைல் துறைமுகத்தை அடைந்துவிட்டன. வீரர்கள் விமானத்தில் வந்து அவற்றைப் பெற்றுக்கொண்டார்கள். நாங்கள் தொழிலில் பேசும் கணக்கும் இதுதான்: எடை கப்பலில், ஆள் விமானத்தில், இரண்டும் சந்திக்கும் நாளை முன்கூட்டியே குறித்துவிட வேண்டும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானத்தை மட்டும் நம்பினால் ஒரே ஓடுபாதைதான் உயிர்நாடி. 1985-இல் ஃபாக்லாந்தில் மவுண்ட் பிளசன்ட் விமானத் தளம் திறக்கப்பட்டபின், பிரிட்டனிலிருந்து அசென்ஷன் வழியாக ஃபாக்லாந்து வரை விமானப் பாலம், அதாவது தொடர் விமானப் போக்குவரத்து, ஒழுங்காக ஓடியது. 2017 ஏப்ரலில் வைட்அவேக் ஓடுபாதையின் மேற்பரப்பு கெட்டுப்போனதால் பெரிய விமானங்கள் அங்கே இறங்குவது நிறுத்தப்பட்டது. ஃபாக்லாந்து விமானங்கள் ஆப்பிரிக்கக் கரையோரம் வேறு வழியில் திரும்பின. அசென்ஷனில் இருந்தவர்களுக்கோ செயின்ட் ஹெலினாவிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வந்த சிறிய விமானம்தான் பொதுப் பயணத்துக்கான வழி. பழுதுபார்த்து முழுமையாகத் திறக்க 2023 வரை ஆயிற்று. அந்த ஆண்டுகள் முழுவதும் தீவு மூடப்படாமல் இருந்ததற்குக் காரணம் கடலில் வந்த சரக்குக் கப்பல்கள். தார், ஜல்லி, இயந்திரம் என்று ஓடுபாதையைச் சரிசெய்ய வேண்டிய கனமான சரக்குக்கும் கடல்வழி தவிர வேறு வழி இருக்கவில்லை.